கிடைப்பதற்கு முன்பே நன்றி

இராயபுரத்தில் வண்டியைக் கிளப்பும்போதே, திருவொற்றியூரில் எங்களைப் பத்திரமாக இறக்கிவிட்டதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லிவிடுவார் அந்த அக்கா. ஷேர் ஆட்டோவில் நாங்கள் இன்னும் சரியாக உட்கார்ந்திருக்கக்கூட மாட்டோம். மீன் கூடையை எங்கே வைப்பது, யார் பை யார் மடியில் என்ற தகராறு முடிந்திருக்காது. "ஆண்டவரே, இத்தினி பேரையும் ஒரு கீறல் இல்லாம கொண்டாந்து சேத்ததுக்கு உமக்கு ஸ்தோத்திரம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு கியரைப் போடுவார். புதிதாக ஏறியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒருமுறை ஒரு பெரியவர், "இன்னும் வண்டியே நவுரலயேம்மா" என்றார். "நவுரும் நைனா, நல்லா குந்து" என்றார் அக்கா.

எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. நான் வண்ணாரப்பேட்டைக்காரி. எங்கள் வீட்டில் 'நாளைக்கு' என்று யாராவது வாயைத் திறந்தால் கூடவே 'இன்ஷா அல்லாஹ்' வந்துவிட வேண்டும். நாளைக்கு என்ன குழம்பு என்பதற்குக்கூட இறைவன் நாட வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். இந்த அக்காவோ அவன் கொடுக்கும் முன்பே வாங்கி முந்தானையில் முடிந்துகொள்கிறார். ஆண்டவனிடம் இவ்வளவு அதிகப்பிரசங்கித்தனமா என்று நினைத்தேன். திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டின் அலுவலகத்தில் எனக்கு வேலை. தினமும் அதே வண்டி, ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை. மனசில் பட்டதை வைத்துக்கொண்டிருக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"குடுக்கறதுக்கு முன்னாடியே நன்றி சொன்னா, ஆண்டவன நெருக்கறா மாதிரி இல்லயாக்கா?"

"இன்னாத்த நெருக்கறது? லாசரு செத்து நாலு நாளு ஆயிடுச்சி. கல்லறை வாசல்ல கீற கல்லப் பொரட்டி வச்சிட்டு அல்லாரும் மூக்கப் பொத்திக்கினு நிக்கறாங்க. உள்ள ஒரு அசைவும் இல்ல. அப்பவே ஏசு மேல பாத்து, நான் கேட்டது உமக்கு கேட்டுச்சி, நன்றின்றாரு. அப்பாலதான் லாசருவ வெளிய கூப்புட்றாரு. எயுந்து வந்தப்பறம் நன்றி சொல்றதுக்கு நான் எதுக்குடி? அத்த ஊர்ல எவன் வேணாலும் சொல்லுவான்."

இதைச் சொல்லி முடித்த அதே மூச்சில், குறுக்கே பைக்கில் வந்தவனைப் பார்த்து, "வூட்ல சொல்லிகினு வந்துட்டியா?" என்று கத்தினார். அவருக்குள் வேதாகமமும் இராயபுரமும் சண்டையில்லாமல் குடியிருந்தன.

ஆள் உயரமில்லை. கழுத்திலும் காதிலும் ஒன்றும் போடமாட்டார். அவர் சபையில் அப்படித்தான். சேலைக்கு மேல் கணவரின் பழைய காக்கிச் சட்டை, தோள் தையல் முழங்கைப் பக்கம் தொங்கும். சட்டைப் பையில் எப்போதும் வேர்க்கடலை. சிக்னலில் நின்றால் என் கையில் கொஞ்சம் கொட்டுவார். ரமலான் மாதத்தில் மட்டும் நான் இறங்கும் வரைக்கும் தானும் தின்னமாட்டார். நான் தின்னச் சொன்னாலும் கேட்கமாட்டார்.

பொறுப்பை எல்லாம் ஆண்டவர் தலையில் கட்டிவிட்டு ஓட்டுகிற ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். காலையில் கோணியை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்காமல் எடுக்கமாட்டார். பிரேக் ஒயரைக் கையால் இழுத்துப் பார்ப்பார். டயரை எட்டி உதைப்பார். "ஸ்தோத்திரத்தயும் சொல்லிட்டு பிரேக்கயும் பாக்காம எடுத்தா அதுக்கு பேரு விசுவாசம் இல்ல, கொயுப்பு" என்பார்.

துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்களுக்கு நடுவே தினமும் வண்டி ஓட்டுவது விளையாட்டில்லை. எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஒரு பக்கம் கடல், பாறாங்கல் கொட்டிய கரை. மறுபக்கம் வரிசை கட்டி நிற்கும் லாரிகள். எது எப்போது கிளம்பும், எது எப்போது பின்னால் வரும் என்று ஓட்டுகிறவனுக்கே தெரியாது. ஒருநாள் எங்களுக்கு முன்னால் போன டிரெய்லர் வளைவில் திரும்பியபோது, டிரெய்லரோடு சேர்த்துப் பூட்டாத கண்டெய்னர் சாய்ந்து, கண் முன்னால் ரோட்டில் விழுந்தது. அக்கா எப்போதும் டிரெய்லருக்குப் பின்னால் நிறைய இடம் விட்டு வருகிறவர். அந்த இடம்தான் எங்களைக் காப்பாற்றியது. வண்டியை ஓரம் கட்டி, எல்லாரையும் இறக்கி, ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்த்துவிட்டு, கரைப் பாறையில் போய் உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். மூடியைத் திறக்க முடியவில்லை. கை அப்படி ஆடியது.

என் வாய் சும்மா இருக்குமா? "முன்னாடியே நன்றி சொல்லிட்டீங்களேக்கா, அப்புறம் ஏன் இப்டி நடுங்குறீங்க?"

"சொன்னது வாயி. நடுங்கறது கையி. கைக்கு இன்னும் சேதி போய் சேரல" என்றார். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். நான் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன்.

அன்றிலிருந்துதான் அவரை எனக்குப் பிடித்துப்போனது. பயமே இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்களிடம் எனக்கு ஒரு ஒவ்வாமை உண்டு. இவர் பயந்தார். மறுநாள் காலையில் அதே வளைவில், அதே ஸ்தோத்திரத்தோடு வந்தார்.

ஆனாலும் அந்த முன்நன்றியில் எனக்கு ஓர் உறுத்தல் இருந்துகொண்டேதான் இருந்தது. அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பு எழுதிய வருஷம், ரிசல்ட் வருவதற்கு முந்தின நாளே வண்டியில் ஏறியவர்களுக்கெல்லாம் கேக் கொடுத்தார். "எம் பொண்ணு பாஸு" என்றார். மறுநாள் பெண் வேதியியலில் கோட்டை விட்டிருந்தாள். அதற்கடுத்த நாள் வண்டியில் ஏறிய எங்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அக்காதான் ஆரம்பித்தார். "இன்னா அல்லாரும் எழவு வூட்டுக்கு வந்தா மாதிரி குந்திகினு கீறீங்க? திரும்ப எயுதுவா. தின்ன கேக்கு கெட்டா போச்சி?"

எல்லாரும் சிரித்துவிட்டோம். பெண்ணும் மறுபடி எழுதித் தேறிவிட்டாள். ஆனால் அவள் ஒருநாள் என்னிடம் சொன்னது வேறு. "எங்கம்மாவுக்கு இன்னாக்கா, ஊரெல்லாம் சொல்லிட்டு நிம்மதியா தூங்கிடும். அத்த நடத்திக் காட்ட வேண்டியது நாங்கதான். எனக்கு பரீட்ச பயத்தவிட எங்கம்மா ஸ்தோத்திரத்து மேலதான் பயம்." பாவம், அந்தப் பெண் விளையாட்டாகச் சொல்லவில்லை. யாருக்காக நன்றி சொல்லப்பட்டதோ அவர்கள் தோளில் அந்த நன்றி ஏறி உட்கார்ந்துகொள்கிறது என்பது அக்காவுக்குத் தெரிந்ததா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

வண்டி முதலில் அவர் கணவருடையது. அவரை நாங்கள் அண்ணன் என்போம். சர்க்கரை வியாதியில் பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது. எஞ்சின் சூட்டில் காலடித் தகடு கொதித்ததுகூடத் தெரியாமல் நாள் முழுக்க வைத்து ஓட்டியதில் உள்ளங்கால் வெந்து புண்ணாகிவிட்டது. ஆற ஆற மறுபடி வந்தது. அப்போதுதான் அக்கா லைசென்ஸ் எடுத்து வண்டியில் ஏறினார். அண்ணன் காசிமேட்டில் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அதிகம் பேசமாட்டார். பேசினால் அக்காவைச் சீண்டுவதற்காகத்தான். "எங்கூட்டுல அல்லாமே ஆண்டவர்கிட்ட அட்வான்ஸ் புக்கிங்தான்" என்று எங்களைப் பார்த்துச் சொல்வார். அக்கா, "உன்னயும் அப்டிதான் புக் பண்ணேன், பாரு இன்னா வந்துச்சின்னு" என்பார். அண்ணன் சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொள்வார்.

அவர்களுடைய சபை ஒரு பேட்டரிக் கடை மாடியில் நடந்தது. ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் என்று ஒன்று உண்டாம். போன வாரம் ஆண்டவர் தனக்குச் செய்ததை ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். அக்கா மட்டும் வரப்போகிற வாரத்தில் செய்யப்போவதைச் சொல்வாராம். போதகரும் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவாராம். எங்களோடு வண்டியில் வருகிற மீன்காரம்மா அதே சபை. இதையெல்லாம் பெருமையாகச் சொல்வது அந்த அம்மாதான்.

ஒரு வருஷம் ரமலானின்போது அண்ணனின் பாதம் கறுத்துப்போனது. அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அக்கா சபையில் எழுந்து, "எம்புருசன் கால ஆண்டவர் காப்பாத்திட்டாரு, ஸ்தோத்திரம்" என்றார். சபை முழுக்கக் கை தட்டி, அழுது, உபவாச ஜெபம் அறிவித்தார்களாம். மீன்காரம்மா வண்டியில் இதைச் சொன்னபோது, அக்கா ரோட்டையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். என்னிடம் கடலை நீட்டவில்லை என்று நினைத்தேன். பிறகுதான் நோன்பு ஞாபகம் வந்தது.

அடுத்த சில நாட்களில் ஆஸ்பத்திரியில் வேறு மாதிரி சொன்னார்கள். சீழ் மேலே ஏறுகிறது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. அண்ணன் முடியாது என்றுவிட்டார். நினைவோடு இருக்கிறவர், அவரேதான் கையெழுத்துப் போட வேண்டும். அக்கா கெஞ்சினார், மகள் அழுதாள். மனுஷன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் பள்ளிவாசலில் வாங்கிய நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, நோன்பு திறக்கும் முன்பே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா சாப்பிட்டிருக்கமாட்டார் என்று தெரியும். வார்டில் அண்ணன் கட்டிலைச் சுற்றிச் சபைக்காரர்கள் நின்றிருந்தார்கள். மெல்லிய குரலில் ஒரு பாட்டு முடிந்துகொண்டிருந்தது. இளம் டாக்டர் பெண் ஒருத்தி வந்து, "நாளைக்குக் காலைல முதல்ல இவரத்தான் எடுக்கறதா வச்சிருக்கோம். நான் டியூட்டி முடிச்சிப் போறதுக்குள்ள கையெழுத்து வேணும்ங்க. இதுக்கு மேல எங்களால ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டு, தாளைக் கட்டில் பக்கத்து ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் போனாள். அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

அவள் தலை மறைந்ததும் மீன்காரம்மா சொன்னார்: "ஒரு ரெண்டு நாளு பொறுத்துக்கோ நைனா. அல்லாரும் உபவாசம் கீறோம். சபையில சாட்சி சொல்லிட்டு இப்ப வெட்டிக்கினா அது விசுவாசக் கொறச்சல்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அந்த அம்மாவின் உதடு வெடித்துப்போயிருந்தது. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல், கூடையையும் யாரிடமோ விட்டுவிட்டு, அண்ணனுக்காக வந்து நிற்கிறார். அவரிடம் போய் என்ன கத்துவது? நான் கட்டிலின் தலைமாட்டுக்குப் போய், அண்ணனிடம் மட்டும் கேட்டேன். "ஏண்ணே இப்டிப் பண்றீங்க? சாவறதுக்கா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஜுரத்தில் கண் சிவந்திருந்தது. "எனக்கு இந்தக் காலு மேல ஆச இல்லம்மா. அது செத்துப்போயி எத்தினியோ நாளாச்சி. அவ அத்தினி பேரு முன்னாடி எயுந்து சொல்லிட்டா. நான் கால வெட்டிக்கினு போயி நின்னா, சபையில அவள எப்டி பாப்பாங்க? பொய்க்காரின்னுதான? இத்தினி வருசம் அவ வாயில வந்த ஸ்தோத்திரம் அல்லாம் பொய்யாயிடாது?"

நான் அவரை மூட நம்பிக்கைக்காரர் என்று திட்டத் தயாராக வந்தவள். மனைவியின் சொல் கீழே விழக்கூடாது என்று ஒரு மனுஷன் தன் உயிரைக் கொடுக்கத் தயாராகப் படுத்திருக்கிறார். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நிமிர்ந்தபோது அக்கா எதிரே நின்றிருந்தார். மருந்து வாங்கப் போனவர் திரும்பி வந்திருக்கிறார். மாத்திரை அட்டை கையில் இருந்தது. முழுக்கக் கேட்டுவிட்டார் என்று முகமே சொன்னது. கண்டெய்னர் விழுந்த அன்றுகூட அந்த முகத்தை நான் இப்படிப் பார்த்ததில்லை.

மாத்திரையை ஸ்டாண்டில் வைத்தார். கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், கட்டுப் போட்ட அந்தக் காலின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடினார். சபைக்காரர்களும் தலை குனிந்தார்கள். மீன்காரம்மா அக்காவின் தோளில் கை வைத்துக்கொண்டார்.

"ஆண்டவரே, ஞாயித்துக்கெயம சபையில உம்ம பேர சொல்லி நான் ஒண்ணு சொன்னேன். இந்தக் கால நீர் காப்பாத்திட்டீர்னு சொன்னேன். நீர் எங்கிட்ட அப்டி சொல்லல. எனக்கு அது வோணும்னு இருந்துச்சி, சொல்லிட்டேன். என் ஆசய எடுத்து உம்ம வாயில வச்சிட்டேன். இவங்க அல்லாரும் கேக்கணும்னுதான் சத்தமா சொல்றேன்."

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ செல்போனில் ஓடிக்கொண்டிருந்த நாடகத்தின் சத்தத்தைக் குறைத்தார்கள்.

"இன்னாடி பேசற நீ" என்று மீன்காரம்மா தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அக்கா நிறுத்தவில்லை.

"நாளைக்கு இந்தக் கால எடுக்கப் போறாங்க. எடுக்கப் போற கைங்களுக்காக உமக்கு ஸ்தோத்திரம். அந்த டாக்டரு பொண்ணுக்காக ஸ்தோத்திரம். அதுக்கு மேல..." குரல் நின்றது. மறுபடி வந்தபோது மெல்லியதாக இருந்தது. "அதுக்கு மேல எனக்கு சொல்லத் தெரியல ஆண்டவரே. இவரு வூட்டுக்கு வருவாரா மாட்டாரான்னு நீர் எங்கிட்ட சொல்லல. நானா சொல்ல மாட்டேன் இனிமே. தெரியாமயே உம்ம கையில வுட்றேன். எம்புருசன குடும்னு கேக்கறேன். கேக்க மட்டும்தான் செய்றேன்."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. பெரிய பெரிய தைரியங்களை எல்லாம் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். டிரெய்லர்களுக்கு நடுவே வண்டி ஓட்டியதைவிட, கண்டெய்னர் விழுந்த மறுநாளே அதே வளைவில் வந்ததைவிட, இதுதான் பெரிசு என்று எனக்குப் பட்டது. இத்தனை வருஷம் எதை வைத்து ஊர் அவரை மதித்ததோ, அதை அத்தனை பேர் முன்னால் தன் கையாலேயே கீழே வைத்துவிட்டு, வெறும் ஆளாக நின்றார். அவர் ஆண்டவரை நான் கும்பிடுகிறவள் இல்லை. ஆனால் நம்பிக்கை என்றால் என்ன என்று யாராவது கேட்டால், எனக்கு அந்தக் கால்மாடுதான் நினைவுக்கு வரும்.

அக்காவின் கை கட்டின் மேலேயே இருந்தது. கண் மூடியபடியே இருந்தது. உதடு மட்டும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. அண்ணன் அவரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி என்னைக் கேட்டார்.

"பேனா கீதாம்மா உங்கிட்ட?"

கைப்பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தேன். ஸ்டாண்டில் இருந்த தாளை எடுத்து, கஞ்சித் தூக்குவாளியின் மூடியைக் கழற்றித் துடைத்து, அதை அடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். படுத்தவாக்கிலேயே, எழுத்துக் கூட்டிக் கூட்டி அவர் தன் பெயரைப் போட்டார். முடித்ததும் பேனாவை என்னிடம் நீட்டிவிட்டு, கால்மாட்டைப் பார்த்துச் சொன்னார்.

"ஏய். கண்ணத் தொற. போட்டுட்டேன்."